மேற்கே மலை, காலையில் வெயில்

தென்காசிப் பக்கம் படமெடுக்க வருகிற நண்பர்கள் முதலில் கேட்பது, "எந்த இடம் நல்லா இருக்கும்?" என்பதுதான். "காலையிலயா, சாயங்காலமா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். எங்கள் ஆய்க்குடியில் கொஞ்சம் வெட்டவெளி கிடைத்தாலே மேற்கே மலை தெரியும். காலை வெயில் அதன்மேல் நேராக விழும்போது பாறையும் காடும் மடிப்பு மடிப்பாகத் துலங்கும். பொழுது சாய்ந்தால் அதே மலை வெறும் கருநீலக் கோடு. மலை வேண்டுமென்றால் விடிந்ததும் கிளம்பிவிட வேண்டும்.

ஜூலை, ஆகஸ்டில் ஆய்க்குடி, சாம்பவர்வடகரை, சுந்தரபாண்டியபுரம் வட்டாரத்தில் சூரியகாந்தி பூக்கும். கேரளத்திலிருந்து வண்டி வண்டியாக ஆட்கள் வருவார்கள். பலர் ரோட்டோரம் இறங்கி, நின்ற இடத்திலிருந்தே எடுப்பார்கள். பூ முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். இளசாக இருக்கும்வரைதான் சூரியகாந்தி வெயிலோடு திரும்பும். நன்றாக மலர்ந்தபின் கிழக்கு பார்த்தே நின்றுவிடும். அதனால் தோட்டத்தின் கிழக்கு வரப்புக்குப் போய் மேற்கு பார்த்து நில்லுங்கள். அத்தனை பூவும் உங்களைப் பார்க்கும். பின்னால் மலை, அதன்மேல் சீசன் மேகம். கேமராவைப் பூ உயரத்துக்குத் தாழ்த்தினால் நடுவிலிருக்கும் வேலியும் வண்டிகளும் மறைந்துவிடும்.

ஒரு பூவைக் கிட்டப் போயும் பாருங்கள். நடுவட்டத்தில் நூற்றுக்கணக்கான குறும்பூக்கள் ஓரத்திலிருந்து உள்நோக்கி, வளையம் வளையமாக விரிகின்றன. அன்றைக்கு விரிந்த வளையத்தைத்தான் தேனீ சுற்றும். அங்கே ஃபோகஸ் வைத்துக் காத்திருந்தால் போதும், தேனீ தானாக வந்து உட்காரும்.

தோட்டக்காரரிடம் கேட்காமல் இறங்காதீர்கள். "தம்பி, வரப்போட நின்னுக்கோ, உள்ள எறங்குனா செடி சாஞ்சிரும்" என்று ஒருவர் சொன்னார். "சரி அண்ணாச்சி" என்றேன். அதன்பிறகு எங்கே பூ நன்றாக இருக்கிறது என்று அவரே கூட்டிப்போய்க் காட்டினார்.

தென்காசி கோபுரமும் கிழக்கு பார்த்ததுதான். பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய காசி விசுவநாதர் கோயில் அது. நெடுங்காலம் பிளந்து கிடந்த ராஜகோபுரத்தை ஒன்பது நிலையாகத் திரும்பக் கட்டி, 1990-இல் குடமுழுக்கு நடத்தினார்கள். காலையில் கடைகள் திறக்குமுன், சன்னதித் தெருவில் கோபுரத்தைவிட்டுக் கொஞ்சம் தள்ளியே நிற்பது நல்லது. காலடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் கோபுரம் பின்னால் சாய்ந்ததுபோல் விழும். உள்ளே இருக்கும் வீரபத்திரர், ரதி, மன்மதன் சிற்பங்களைக் கண்ணாரப் பார்த்துவிட்டு வாருங்கள். கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று 2022 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது.

குற்றாலத்தில் என் விதி ஒன்றுதான்: குளிக்கிறவர்கள் பக்கம் கேமராவைத் திருப்புவதில்லை. பேரருவியை ஆளில்லாமல் எடுக்க வேண்டுமென்றால், பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் கொட்டி, குளிக்கத் தடை போட்டிருக்கும் நாளில், போலீஸ் நிறுத்துகிற இடத்திலேயே நின்று எடுக்கலாம். லென்ஸ் துடைக்க நல்ல பருத்தித் துணி இரண்டு வேண்டும்.

சாரல் நாளில் காலை வெயில் கீழே அடித்து, மலைப்பக்கம் தூறிக்கொண்டிருந்தால் மேற்கே பாருங்கள். வானவில் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தான் வரும். காலையில் அது எங்கள் மலைமேல் விழும்.

இத்தனைக்கும் நடுவில் எனக்குப் பிடித்த இடம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. பாலசுப்பிரமணிய சுவாமி கோயிலுக்குப் பக்கத்தில் அனுமன் நதிப் படித்துறை. நேர்ந்துகொண்டவர்கள் படியைக் கழுவி, கல்லிலேயே பாயசத்தை ஊற்றுவார்கள்; பிள்ளைகள் குனிந்து வழித்துச் சாப்பிடும். படிப்பாயசம் என்று பெயர். அங்கே மேலே நின்று எடுத்தால் தலைகள்தான் விழும். இரண்டு படி கீழே இறங்கி, பிள்ளைகள் கண் மட்டத்துக்கு உட்கார வேண்டும். அதற்கு முன்னால் பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்; வேண்டாமென்றால் கேமராவை மூடி வைத்துவிட்டுப் பாயசத்துக்கு உட்காருங்கள்.