சிறு கணிப்பொறியின் உள்ளறைகள்



கணிப்பொறி என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவது திரையும் விசைப்பலகையும் கொண்ட மேசைப் பொறியே. ஆனால் திரையும் விசைப்பலகையும் இல்லாத கணிப்பொறிகளும் நம்மைச் சுற்றி ஏராளமாக உள்ளன. வீட்டு மூலையில் கண் சிமிட்டும் வைஃபை பெட்டி, தொலைக்காட்சிக்கு அருகில் அமர்ந்திருக்கும் சிறு பெட்டி ஆகியவற்றின் வயிற்றுக்குள்ளும் ஒரு கணிப்பொறி உறைகிறது. ஒரே பணிக்கென்று ஒரு பொருளுக்குள் பொதிந்து வைக்கப்பெற்ற இவற்றை உட்பொதி கணிப்பொறிகள் என்பர். பின்லாந்து நாட்டு மாணவராய் இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதி வெளியிட்ட லினக்ஸ், இவற்றுள் பலவற்றை இயக்கி வருகிறது.

இத்தகைய பொறியின் சேமிப்பகத்தைப் பல பிரிவுகளாக வகுத்த பின்னரே அதனை வெளியே அனுப்புகின்றனர். அவ்வாறு வகுப்பது எப்படி? அதில் ஏன் அத்தனை கவனம் வேண்டும்? இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண்பதே நம் நோக்கம்.

படிமம் என்பது யாது?

மேசைப் பொறியில் மென்பொருளை நிறுவும்போது ஒருவர் எதிரே அமர்ந்து, அது கேட்கும் கேள்விகளுக்கு விடை அளிக்கலாம். சிறு பொறிக்கோ திரை இல்லை. கேள்வி கேட்க வாயும் இல்லை. ஆகவே அதன் சேமிப்பகத்தில் முதல் பைட் முதல் கடைசிப் பைட் வரை என்னென்ன இருக்க வேண்டும் என்பதை வேறொரு பெரிய கணிப்பொறியில் முன்கூட்டியே ஒரே கோப்பாக ஆக்கிவிடுகின்றனர். அக்கோப்பே வட்டுப் படிமம். அதனை இமேஜ் என்றும் வழங்குவர்.

அச்சகத்தில் எழுத்துக் கோத்து முடித்தபின் ஆயிரம் படிகள் எடுப்பதைப் போல, ஒரு படிமத்தை ஆயிரம் பொறிகளில் அப்படியே பதிக்கலாம். கோத்ததில் பிழை இருப்பின் ஆயிரம் படிகளிலும் அப்பிழை தோன்றும் அன்றோ? படிமமும் அத்தகையதே.

ஏன் பிரிக்க வேண்டும்?

அஞ்சறைப் பெட்டியில் கடுகும் மிளகும் சீரகமும் தனித்தனி அறையில் இருக்கின்றன. ஒன்று தீர்ந்தாலும், ஒன்றில் ஈரம் பட்டாலும் மற்றவை கெடுவதில்லை. சேமிப்பகத்தைப் பிரிப்பதற்கும் இதுவே அடிப்படை. மென்பொருள் ஓர் அறையிலும், பொறி நாள்தோறும் சேகரிக்கும் தகவல் வேறோர் அறையிலும் இருந்தால், தகவல் நிரம்பி வழிந்தாலும் மென்பொருளுக்கு மூச்சு முட்டாது. மென்பொருளை அடியோடு மாற்றினாலும் தகவலுக்குச் சேதம் இராது.

மற்றொரு காரணமும் உண்டு. பொறிக்கு மின்சாரம் கிடைத்தவுடன், சில்லுக்குள் ஆலையிலேயே பதிக்கப்பெற்ற ஒரு சிறு நிரல் விழித்தெழுகிறது. அடுத்த நிரலைக் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டுமே தேட அது அறியும். 2012இல் விற்பனைக்கு வந்த முதல் ராஸ்ப்பெர்ரி பை, நினைவட்டையில் ஃபேட் முறையில் அமைந்த பிரிவில் அதனைத் தேடும். 2013இல் வந்த பீகிள்போன் பிளாக்கோ, சேமிப்பகத்தின் தொடக்கத்திலும், பின் 128, 256, 384 கிலோபைட் தொலைவுகளிலும் தேடிப் பார்க்கும். அங்கே கிடைக்காவிடின் ஃபேட் பிரிவை நாடும். சில்லு எங்கே தேடுமோ அங்கே நிரலை வைத்தாக வேண்டும். இல்லையேல் பொறி உயிர் பெறாது.

முதல் 512 பைட்

பிரிவுகளின் எல்லைகளை எங்கே எழுதி வைப்பது? 1983 முதல் வழங்கிவரும் எம்.பி.ஆர். முறையில், வட்டின் முதல் 512 பைட்டிலேயே அவ்விவரம் அடங்கிவிடுகிறது. முதல் 446 பைட் தொடக்க நிரலுக்கும் வட்டின் அடையாள எண்ணுக்கும் உரியது. அடுத்த 64 பைட் பிரிவு அட்டவணை. இறுதி 2 பைட் முத்திரை. ஒரு பிரிவை விவரிக்க 16 பைட் வேண்டும். ஆகவே 64ஐ 16ஆல் வகுத்தால் 4. எம்.பி.ஆர். முறையில் நான்கு முதன்மைப் பிரிவுகள் மட்டுமே இருப்பதன் காரணம் இவ்வகுத்தல் கணக்கே ஆகும். அதற்கு மேல் வேண்டுமெனில் நான்கில் ஒன்றை விரிபிரிவாக்கி, அதனுள் மேலும் வகுக்க வேண்டும்.

பிற்காலத்தில் வந்த ஜி.பி.டி. முறையில் பொதுவாக 128 பிரிவுகளுக்கு இடம் உண்டு. மேலும் அட்டவணையின் நகல் ஒன்று வட்டின் இறுதியில் பாதுகாக்கப்படுகிறது. எனினும் சிறிய வட்டுக்கும் குறைந்த பிரிவுகளுக்கும் பழைய முறையே போதுமானது.

ஒரு கணக்கு

மலைப்பகுதி ஒன்றில் மழையளவைப் பதியும் கருவி ஒன்றை நாம் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். அதனுள் பீகிள்போன் பிளாக் உள்ளது; அதன் சேமிப்பகம் 4 கிகாபைட் வகையைச் சேர்ந்தது. கணக்கிற்கு 3,600 மெகாபைட் என்று கொள்வோம். ஒரு முறை கருவியை வைத்துவிட்டால், அதனிடம் செல்லப் பல மணி நேரம் மலையேற வேண்டும். புதிய மென்பொருளைத் தொலைவிலிருந்தே அனுப்ப வேண்டும்.

முதல் 4 மெகாபைட்டை எப்பிரிவிலும் சேர்க்காமல் ஒதுக்குவோம். அட்டவணை அதன் தலையில் இருக்கும். முதற்கட்டத் தொடக்க நிரல் 128 கிலோபைட் தொலைவிலும், யூ-பூட் என்னும் இரண்டாம் கட்ட நிரல் 384 கிலோபைட் தொலைவிலும் அமரும். யூ-பூட்டின் குறிப்புகளுக்கும் இங்கேயே இடம் உண்டு.

அடுத்து 4இலிருந்து 1,028 மெகாபைட் வரை முதல் மென்பொருட் பிரிவு. அளவு 1,024 மெகாபைட்.

1,028இலிருந்து 2,052 வரை இரண்டாம் மென்பொருட் பிரிவு. அதன் அளவும் அதுவே.

2,052இலிருந்து 3,600 வரை எஞ்சிய 1,548 மெகாபைட் தகவல் பிரிவு. மழையளவுப் பதிவுகள் யாவும் இங்கே சேரும்.

எல்லைகள் எல்லாம் 4ஆல் மீதியின்றி வகுபடுவதை நாம் கவனிக்க வேண்டும். இவ்வகைச் சேமிப்பகம் ஒவ்வொரு பைட்டாக அழிப்பதில்லை. பெரும் கட்டம் கட்டமாகவே அழித்து எழுதும். பிரிவின் எல்லை ஒரு கட்டத்தின் நடுவே விழுந்தால், சிறிது எழுதுவதற்கும் இரு கட்டங்களைத் தொட நேரிடும். வேகம் குறையும், ஆயுளும் தேயும். 4 மெகாபைட் எல்லையில் நிறுத்துவது இதனைத் தவிர்க்கும் வழக்கமான முறையாகும்.

தகவல் பிரிவைக் கடைசியில் வைத்ததற்கும் காரணம் உண்டு. நாளை இதே படிமத்தைப் பெரிய சேமிப்பகத்தில் பதித்தால், கடைசிப் பிரிவை மட்டும் எளிதாக நீட்டிக்கொள்ளலாம். நடுவில் உள்ளதை நீட்ட, அதற்கு அடுத்ததை முதலில் நகர்த்த வேண்டும்.

மின்சாரம் நின்றுபோனால்?

மென்பொருளுக்கு ஏன் இரண்டு பிரிவுகள் என்று தோழியர் வினவக்கூடும். 1,024 மெகாபைட் வீண்தானே?

வீணன்று. கருவி முதற்பிரிவிலிருந்து இயங்கிக்கொண்டிருக்கும்போது புதிய மென்பொருள் வந்து சேர்கிறது. அதனை இரண்டாம் பிரிவில் எழுதுகிறோம். பாதி எழுதியபோது இடி இடித்து மின்சாரம் நின்றுவிடுகிறது. ஒரே பிரிவு இருந்திருப்பின், பழையதும் அழிந்து புதியதும் முடியாமல் கருவி வெறும் பெட்டியாகிவிடும். இரண்டு இருப்பதால் பழையது தீண்டப்படாமல் நிற்கிறது; மின்சாரம் வந்ததும் அதிலிருந்தே எழுகிறது.

எழுதி முடித்த பின்னரே ‘இனி இரண்டாம் பிரிவு’ என்னும் குறிப்பை யூ-பூட்டுக்கு விடுகிறோம். புதியது சரிவர எழவில்லை எனில்? எத்தனை முறை முயன்றோம் என்று எண்ணும் வசதி யூ-பூட்டில் உண்டு. குறித்த எண்ணிக்கையைத் தாண்டினால் பழைய பிரிவுக்குத் திரும்புமாறு அமைக்கலாம். லினக்ஸின் கருவாகிய கெர்னலை ஒவ்வொரு மென்பொருட் பிரிவுக்குள்ளேயே வைப்பதால், கருவும் அதன் துணை நிரல்களும் எப்போதும் ஒரே பதிப்பாக இருக்கும். 2016இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 7.0 முதல் பல கைபேசிகளும் இத்தகைய இரட்டைப் பிரிவு முறையைப் பின்பற்றுகின்றன.

மென்பொருட் பிரிவைப் படிப்பதற்கு மட்டும் திறந்து, எழுதுவதைத் தகவல் பிரிவோடு நிறுத்திக்கொள்வது மேலும் நன்று. மென்பொருளை எப்போதும் மீண்டும் அனுப்பலாம். நேற்றுப் பெய்த மழையை இன்று அளக்க இயலுமோ? மீட்க முடியாதது எதுவோ, அதற்கே தனி அறை முதலில் வேண்டும்.

திட்டத்தை எழுதும் முறை

2010இல் தொடங்கிய யோக்டோ திட்டத்தில் இவ்வேலைக்கு விக் என்றொரு கருவி உள்ளது. ‘ஓப்பன் எம்பெடட் இமேஜ் கிரியேட்டர்’ என்பதன் முதலெழுத்துகளைச் சேர்த்து ஒலிக்கக் கடினமாக இருந்தமையால், சுருக்கி விக் என்று பெயரிட்டனர்.

விக் படிக்கும் திட்டக் கோப்பில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வரி. பிரிவு எங்கே பொருந்தும், உள்ளடக்கம் எங்கிருந்து வரும், எம்முறையில் அமையும், எவ்வெல்லையில் தொடங்கும், அளவு என்ன என்பன அவ்வரியில் இடம்பெறும். வரிகளின் வரிசையே வட்டில் பிரிவுகளின் வரிசை. தொடக்க நிரல் போன்றவற்றை அட்டவணையில் ஏற்றாமல் வைக்கவும் வழி உண்டு.

அளவைச் சொல்வதில் இரு வகை உள்ளன. ‘குறைந்தது இவ்வளவு’ என்பது ஒன்று. ‘சரியாக இவ்வளவே’ என்பது மற்றொன்று. முதல் வகையில் உள்ளடக்கம் பெருகினால் பிரிவும் பெருகும். நாம் வேறொன்றும் குறிப்பிடாவிடின், உள்ளடக்கத்தை 1.3ஆல் பெருக்கி இடம் விடுவது விக்கின் வழக்கம். இரண்டாம் வகையில் உள்ளடக்கம் மிகுந்தால் படிமம் உருவாகாமல் பிழை காட்டி நின்றுவிடும்.

நம் கருவிக்கு இரண்டாம் வகையே ஏற்றது. மலையில் உள்ள கருவியின் எல்லை 1,024 மெகாபைட் என்று முன்னமே நிலைத்துவிட்டது. அதற்குள் அடங்காத மென்பொருள் நம் மேசையிலேயே தடைபடுவது நலம். மலைமேல் சென்று தடைபடுவது நட்டம்.

பிரிவுகளை வரிசை எண்ணால் அழைப்பதிலும் எச்சரிக்கை தேவை. சில லினக்ஸ் பதிப்புகளில், பீகிள்போனில் ஒரு நினைவட்டையைச் செருகினால் சேமிப்பகத்தின் எண் மாறிவிடும். வட்டின் அடையாள எண்ணைக் கொண்டு பிரிவைச் சுட்டினால் இக்குழப்பம் இராது.

முடிவுரை

நிரலில் பிழை இருந்தால் நாளை திருத்தி அனுப்பலாம். தோற்றத்தை மாற்றலாம், புதிய வசதிகளைச் சேர்க்கலாம். ஆனால் தொலைவில் ஓடிக்கொண்டிருக்கும் கருவியின் எல்லைகளை மாற்றியமைப்பது, குடியிருக்கும் வீட்டின் அடித்தளத்தைத் தோண்டுவது போன்றது. நடுவில் மின்சாரம் நின்றால் மீள வழியில்லை. ஆகவே எது வளரும், எது மாறும், எதனை இழக்கவே கூடாது என்னும் மூன்றையும் எண்ணிய பின்னரே முதல் எல்லையைக் குறிக்க வேண்டும்.

நிறைவாக ஒரு பயிற்சி. மென்பொருள் இன்று 400 மெகாபைட். ஆண்டுக்கு 100 மெகாபைட் வளரும் என்று கொள்க. எட்டு ஆண்டுகள் உழைக்க வேண்டிய கருவிக்கு 1,024 மெகாபைட் பிரிவு போதுமா? போதாதெனில் எல்லைகளை எங்கெங்கே இடுவீர்கள்? தகவலுக்கு எவ்வளவு எஞ்சும்? தாளில் கட்டங்கள் வரைந்து விடை காணுங்கள். எல்லைகள் 4ஆல் வகுபடுகின்றனவா என்று பார்க்க மறவாதீர்கள்.