ஒரு சொல்லும் பல மலைகளும்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் வழியாக மேற்கு நோக்கிச் செல்வோர் போளூர் என்னும் சிற்றூரை அடைவர். திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூர் வேறு. இது பழனி மலைத்தொடரின் மேற்பகுதியில் அமைந்தது. படிப்படியாக வெட்டித் திருத்திய நிலங்களில் உருளைக்கிழங்கும் வெள்ளைப்பூண்டும் காரட்டும் இப்பகுதியிற் பயிராகின்றன.

இவ்வூர் மாணவன் ஒருவன் ஆங்கிலப் பாடம் படிக்கின்றான் என்று கொள்வோம். 'ஹில்' என்றால் மலை என்பதை அவன் இளமையிலேயே கற்றவன். கதவைத் திறந்தால் கண்ணெதிரே நிற்பது மலை. ஆதலின், அச்சொல்லில் அவனுக்கு ஐயம் எழ இடமில்லை. ஒருநாள், உழவர் ஒருவர் தம் உருளைக்கிழங்குகளை 'ஹில்' செய்தார் என்னும் பொருள்பட ஓர் ஆங்கிலத் தொடர் பாடத்தில் வருகின்றது. மாணவன் சற்றும் தயங்காமல், "உழவர் உருளைக்கிழங்குகளை மலைமேல் ஏற்றினார்" என்று எழுதிவிடுகின்றான்!

அவன் பிழை நகைப்பிற்குரியது போலத் தோன்றும். ஆயினும், நம்முள் அப்பிழையைச் செய்யாதார் யார்? ஒரு சொல்லுக்கு ஒரு பொருளே உண்டு என்று நம்பினால் இவ்வாறுதான் முடியும். அத்தொடரில் 'ஹில்' என்பது பெயர்ச்சொல் அன்று, வினைச்சொல். செடியின் அடியைச் சுற்றி மண்ணைக் குவித்தலே அதன் பொருள். இதனை நம் உழவர் 'மண் அணைத்தல்' என்பர். உருளைக்கிழங்கு வெயில் படுமாறு வெளியே தெரிந்தால் பச்சை நிறம் ஏறும்; அதனுள் சோலனைன் என்னும் நச்சுப்பொருள் மிகும்; கசப்புத் தோன்றும். அது நேராதிருக்கவே மண்ணை அணைக்கின்றனர். அம்மாணவனின் தாய் அன்று காலையில் அவ்வேலையை முடித்துவிட்டுத்தான் வீடு திரும்பியிருப்பாள். செயலை அவன் அறிவான். செயலுக்குரிய தமிழ்ச் சொல்லையும் அறிவான். அகராதியை மட்டும் புரட்டவில்லை.

புரட்டியிருந்தால் வேறு சிலவும் கண்டிருப்பான். எறும்புகள் எழுப்பும் புற்றையும் ஆங்கிலேயர் இச்சொல் சேர்த்தே வழங்குவர். ஒருவர் 'ஹில்'லைக் கடந்துவிட்டார் என்றால், அவர் மலையேறி இறங்கினார் என்பதன்று. இளமையும் வலிமையும் கழிந்தவர் என்பதே கருத்து. அமெரிக்க நாட்டில் 'தி ஹில்' என்று வாளா கூறின், வாசிங்டன் நகரில் மேட்டின்மேல் அமைந்த அந்நாட்டுப் பேரவையையே குறிக்கும்.

இனி, 'ஹில்' என்பது சிறியது, 'மவுண்டன்' என்பது பெரியது என்று பள்ளியிற் படிக்கின்றோம். இவ்விலக்கணமும் எங்கும் நில்லாது. பிரிட்டன் தீவிலேயே மிக உயர்ந்ததாகிய பென் நெவிசு 1,345 மீட்டர் உயரமுடையது. அதனை 'மவுண்டன்' என்பர். கொடைக்கானல் நகரமோ ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. எனினும், பழனி மலைகளை 'ஹில்ஸ்' என்றே எழுதினர். சென்னையில் முந்நூறடி உயரமே உள்ள பரங்கிமலை 'மவுண்ட்' ஆயிற்று. அளவுகோலைவிட வழக்கே வலிது என்பது இதனால் விளங்கும்.

தமிழில் இந்நிலை எவ்வாறு? ஒரு சொல் பல பொருள் தருதலையும், பல சொல் ஒரு பொருள் குறித்தலையும் தொல்காப்பியர் உரியியலில் எடுத்துரைத்தார். பிற்காலத்து எழுந்த திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகள் இவ்விருவகைச் சொற்களையும் தொகுத்துத் தந்தன. அவற்றுள் மலையின் பெயர்கள் ஒரு நெடிய வரிசை. வெற்பு, பொருப்பு, பிறங்கல் என்று மனப்பாடம் செய்து மறந்துவிடுவது மாணவர் இயல்பு. அவ்வாறு மறத்தற்குரியன அல்ல இவை. ஓங்கி நிற்றலின் ஓங்கல். அசையாமையின் அசலம் என வடசொல். சிலம்புதல் என்றால் ஒலித்தல். நம் குரலை எதிரொலித்து மீட்டுத் தருதலின் மலைக்குச் சிலம்பு என்னும் பெயர் எத்துணைப் பொருத்தமானது! மலைச்சரிவைச் சாரல் என்பர். மலையை ஒட்டிக் காற்றோடு வீழும் நுண்மழையும் சாரலே. இதனைக் குற்றாலத்தார்க்குக் கூற வேண்டுவதில்லை.

அடுக்கம் என்னும் சொல்லைச் சங்கப் பாடல்களில் மட்டும் காணலாம் என்று எண்ணற்க. பெரியகுளத்திலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் வழியில் அடுக்கம் என்றே ஓர் ஊர் உள்ளது. ஒன்றன்மேல் ஒன்றாக மலைகள் அடுக்கி நிற்கும் அவ்விடத்தைக் கண்டார்க்கு உரை வேண்டா. போளூருக்கு அண்மையில் கிளாவரை என்றும் ஓர் ஊர் உண்டு. வரை என்பதும் மலையின் பெயரே. ஆதலின், அதுவே இவ்வூர்ப்பெயரின் ஈற்றில் நிற்கின்றது என்று துணியத் தோன்றும். ஓசை ஒன்றையே சான்றாகக் கொண்டு ஊர்ப்பெயருக்குப் பொருள் கூறுதல் தகாது. பழைய ஆவணங்களையும் ஊரார் வழக்கையும் ஆராய்ந்த பின்னரே கூறுதல் வேண்டும்.

எல்லை கடந்தால் சொல்லின் பொருளும் மாறும். பறம்பு என்றவுடன் நமக்குப் பாரியின் மலை நினைவிற்கு வரும். மலையாளத்திலோ பறம்பு என்பது தென்னையும் பலாவும் நிற்கும் தோட்ட நிலம்! குன்று மட்டும் அங்கும் குன்னாகவே உள்ளது. வகுப்பறையில் நாம் அளவுகோல் வைத்து இழுக்கும் கோடு, பழம்பாடல்களில் யானையின் தந்தமாகவும் மரத்தின் கிளையாகவும் மலையின் உச்சியாகவும் வரும். திருச்செங்கோட்டின் பெயரில் நிற்பது அம்மலைக்கோடே.

ஆங்கிலேயரும் இம்மலைகளில் ஒரு சொல்லுக்குத் திகைத்தனர். மேட்டுப் புல்வெளிகளுக்கிடையே, நீரோடும் மடிப்புகளில் அடர்ந்து நிற்கும் பசுங்காட்டிற்கு அவர்கள் மொழியில் ஏற்ற சொல் அமையவில்லை. ஆகவே, நம் சோலையை வாங்கி 'ஷோலா' ஆக்கிக்கொண்டனர். இன்று உலகெங்கும் உள்ள தாவர நூலார் அப்பெயரையே வழங்குகின்றனர்.

போளூர் மாணவன் தன் ஏட்டில் பழைய தொடரை அடித்துவிட்டு, "உழவர் உருளைச் செடிகளுக்கு மண் அணைத்தார்" என்று எழுதுகின்றான். அடுத்த தொடரிலும் அதே சொல் வருகின்றது. 'ஹில்' ஒன்றில் செம்மறியாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன என்பது அது. மன்னவனூர் ஆட்டுப்பண்ணையில் அவன் பலமுறை கண்ட காட்சிதான். இம்முறை அவன் உடனே எழுதவில்லை. குன்றா, சாரலா, அடுக்கமா என்று எண்ணியவாறு சாளரத்தின் வழியே வெளியே நோக்குகின்றான்.