இடுக்கணும் உள்ளமும்

துன்பம் யாவர்க்கும் பொதுவாயினும், அதனை எதிர்கொள்ளும் உள்ளம் பொதுவன்று. 1915-ஆம் ஆண்டில் ஷாக்கில்டன் என்பார் தென்துருவக் கடலிற் செலுத்திச் சென்ற ‘எண்டியூரன்ஸ்’ என்னும் கப்பல் பனிக்கட்டிகளால் நசுக்குண்டது. சுமை குறைக்க வேண்டித் தம் பொற்காசுகளையும் பனிமீது எறிந்த அவர், தோழர் ஒருவரது ‘பாஞ்சோ’ என்னும் நரம்பிசைக் கருவியை மட்டும் விடாது கொணரச் செய்தார். சோர்ந்த மனத்திற்கு அது மருந்தென்பது அவர் கருத்து. பின்னர் அனைவரும் படகேறி எலிபெண்ட் தீவை அடைந்தனர். உதவி நாடி ஷாக்கில்டன் ஐவருடன் கடல்கடந்து செல்ல, எஞ்சிய 22 பேரும் சீல், பெங்குவின் இறைச்சியை உண்டு, அவ்விசையோடு பாடி, நான்கு மாதங்களுக்கு மேல் காத்திருந்தனர். 1916 ஆகஸ்டில் மீட்சி வந்தது. அக்கப்பலிற் சென்ற 28 பேரில் ஒருவரும் இறந்திலர். ஊக்கம் ஒன்றே உயிர் காத்ததன்று. உணவும் மாலுமித் திறமும் உடன்வேண்டும். எனினும் ஊக்கமற்றார்க்கு அவை பயன்படா. ஆதலின் மாணவர்களே, உணவைப்போல் ஊக்கத்தையும் முன்னரே சேமித்தல் நம் கடன்.