வினாவும் விளையாட்டுச் சரித்திரமும்

நன்னூலார் வினாவை அறுவகையாகப் பகுத்தார். அவற்றுள் ஒன்று அறிவினா. தான் விடையை அறிந்திருந்தும், பிறன் அறிவானோ எனச் சோதித்தற்பொருட்டு ஒருவன் வினவுவது. பரீட்சை வினாக்கள் இவ்வகையின. விளையாட்டு அபிமானிகள் ஒருவரையொருவர் மடக்கத் தொடுக்கும் வினாக்களும் இவ்வகையினவே. அவை எத்தன்மையனவாதல் வேண்டும் என்பதை அயர்லாந்து தேயத்தாரின் ரக்பி ஆட்டத்தைக்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

ரக்பி என்பது முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடி, எதிரியின் எல்லைக்கோட்டிற்கு அப்பால் நிலத்திற் பதிக்கும் ஆட்டம். பந்தைக் கையால் முன்னோக்கி எறிதல் கூடாது.

அயர்லாந்து முதன்முதல் அயல்நாட்டோடு பொருதது எப்பொழுது? 1875ஆம் ஆண்டில், லண்டன் ஓவல் மைதானத்தில், இங்கிலாந்தோடு. ஆண்டுப் போட்டியில் எதிர்த்த நாடுகள் அனைத்தையும் வென்ற ஆண்டுகள் யாவை? 1948, 2009, 2018, 2023. இவற்றிற்கு விடையிறுக்க மனப்பாடம் ஒன்றே போதும். ஆண்டுகளை அறிதல் வேண்டுவதே. எனினும் அதனோடு அமைதல் சாலாது.

காரணம் வினவுவது இதனினும் சிறந்தது. அயர்லாந்துத் தீவில் ஆட்சிகள் இரண்டு. ரக்பி அணி ஒன்றே. இஃது எங்ஙனம்? டப்ளின் சங்கமும் பெல்பாஸ்ட் சங்கமும் 1879ஆம் ஆண்டிலேயே ஒன்றாயின. 1921ஆம் ஆண்டில் தீவு பிரிவுற்றது, சங்கமோ பிரிந்திலது. 1948ஆம் ஆண்டு வெற்றி நிறைவுற்றதும் வடபகுதியைச் சார்ந்த பெல்பாஸ்ட் நகரிலேயாம். இதனை அறிந்தவன் அத்தேயத்தாரின் வரலாற்றிலும் ஒரு கூற்றை அறிந்தவனாவான்.

நம் நாட்டோடு இயைபுடைய வினாவும் ஒன்றுண்டு. 1872ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் கல்கத்தாவில் ஓர் ஆட்டம் நிகழ்ந்தது. ஒருபுறம் இங்கிலாந்தினர், மறுபுறம் ஸ்காத்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நாட்டினர். மறுவருடம் ஒரு கழகம் அமைந்தது. ஆடுவோர் அருகியமையின் சில ஆண்டுகளிற் கலைந்தது. எஞ்சிய பணத்தை வெள்ளி ரூபாய்களாகப் பெற்று உருக்கி, நாகப்பாம்புகள் கைப்பிடியாகவும் யானை முடியாகவும் அமைந்த கிண்ணமொன்று செய்து, 1878ஆம் ஆண்டில் இங்கிலாந்துச் சங்கத்திற்கு அளித்தனர். இங்கிலாந்தும் ஸ்காத்லாந்தும் இன்றும் அக்கல்கத்தாக் கிண்ணத்திற்கே பொருகின்றன. கழகம் மறைந்தது; ஆயினும் அதன் கதை ஏட்டில் நின்றமையின் நாம் வினவவும் விடை கூறவும் இயல்கின்றது.

இனி விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் வருவோம். சுற்றுப்புறச் சிற்றூர்களிற் சடுகுடு ஆடாத இளைஞர் அரியர். அதுவும் ரக்பியைப்போல் எதிரியின் எல்லையுட் புக்கு மீளும் ஆட்டமே. ஆயினும் நம் ஊரில் முதற்குழுவைத் திரட்டியவர் யார், அயலூரோடு முதற்பந்தயம் எந்த ஆண்டில் நடந்தது என்று வினவின், விடை கூறவல்லார் நம்முள் எத்துணையர்? டப்ளினையும் கல்கத்தாவையும் பற்றி விடையிறுக்கும் நாம் நம் ஊரைப்பற்றி வாய் திறவாது நிற்றல் நாணத்தக்கதன்றோ?

விடை அறிந்தாரின்றி அறிவினா இல்லை. ஆதலின் நமக்கு முதற்கண் வேண்டுவது அறியாவினா. அஃதாவது தான் அறியாததை அறிய விரும்பி வினவுவது. நம் ஊர் முதியோர் சிலர் நினைவில் அவ்விடைகள் இன்னும் உள. வரும் விடுமுறையில் மாணவ நண்பர்கள் அவர்களை அணுகி, ஆடினோர் பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றைக் கேட்டு எழுதுவார்களாக. ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்றோடு ஒப்பிட்டு நோக்குக. சொன்னவர் இன்னார் என்பதையும் குறித்திடுக. முதியோர் மறைவரேல் அவ்விடைகளும் உடன் மறையும். எழுதிவைப்பின், நமக்குப் பின் வரும் மாணாக்கரை அறிவினாவால் சோதிக்கும் உரிமை நமக்கு உண்டாகும்.