விரலுக்குத் தகுந்த வீக்கம்: பழைய நெட்புக்கைக் கையில் எடுக்கும் பிள்ளைகளுக்கு

கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் கொடுத்தது, ஹட்டன் டவுனில் பாவித்த சாமானாக வாங்கியது, யாரோ பாடசாலைக்கு நன்கொடையாகத் தந்தது என்று பழைய நெட்புக்குகள் நம் லயங்களில் எத்தனையோ கிடக்கின்றன. ஆன் பண்ணினால் சுற்றிக்கொண்டே நிற்கிறது என்று அலுமாரிக்கு மேலே தூக்கிப் போட்டுவிடுகிறோம். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல்தான் 1350 ரூபா ஆனது. நாட்சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு ஒரு புது லெப்டொப் மாதக்கணக்கான உழைப்பு. கையில் இருப்பதை உயிர்ப்பிக்கத் தெரிந்துகொண்டால் அந்த உழைப்பு மிஞ்சும்.

நெட்புக் பிறந்ததே சின்னச் சுமைக்குத்தான். 2007இல் ஆசுஸ் நிறுவனம் ஈ பிசி 701ஐக் கொண்டுவந்தபோது அதில் இருந்தது 512 எம்பி ரேம், 4 ஜிபி சேமிப்பு, இயங்குதளமாக லினக்ஸ். பிறகு வந்தவற்றில் விண்டோஸை ஏற்றினார்கள். இணையத்தளங்களும் வருடா வருடம் பாரமாகிக்கொண்டே போயின. சுமையைக் குறைத்துக் கொடுத்தால் அந்த மெஷின் இன்றைக்கும் நடக்கும். எப்படிக் குறைப்பது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் மெஷினை அறியுங்கள். ஆன் பண்ணியதும் எஃப்2 விசையை அழுத்தினால் பெரும்பாலானவற்றில் பயோஸ் திரை வரும். புரொசசர் பெயரும் ரேம் அளவும் அதில் இருக்கும். 2008, 2009இல் வந்த நெட்புக்குகளில் பெரும்பாலும் இன்டெல் ஆட்டம் என்270. அது 32-பிட் மட்டுமே. 2010இல் வந்த என்450, என்455 என்பவை 64-பிட்டும் ஏற்கும். மூன்றிலும் ரேம் 2 ஜிபிக்கு மேல் ஏறாது. இவற்றைக் கொப்பியில் குறித்து வையுங்கள். பின்னால் எடுக்கும் எல்லா முடிவும் இந்தக் குறிப்பைப் பார்த்துத்தான்.

2. உள்ளே இருப்பதை வெளியே எடுக்காமல் எதிலும் கை வைக்காதீர்கள். அக்காவின் கல்யாணப் படங்கள், அப்பாவின் சேமலாப நிதிக் கடிதம், பிறப்புச் சான்றிதழின் ஸ்கேன் எல்லாம் அந்தப் பழைய வட்டில்தான் கிடக்கும். பென் டிரைவில் பிரதி எடுத்து, இன்னொரு கணினியில் திறந்தும் பாருங்கள். வட்டு ‘டக் டக்’ என்று சத்தம் போட்டால் அதற்கு ஆயுள் முடிகிறது. அதன்மேல் புதிதாக எதையும் நிறுவ வேண்டாம்.

3. காசு போடுவதானால் ரேமுக்கு முதலில், எஸ்எஸ்டிக்கு அடுத்ததாக. என்270, என்450 உள்ளவற்றுக்கு டிடிஆர்2, என்455க்குப் பெரும்பாலும் டிடிஆர்3. மாற்றி வாங்கினால் பொருந்தாது. உடைந்த லெப்டொப்களிலிருந்து கழற்றிய 2 ஜிபி ரேம் திருத்தும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். சில மாடல்களில் ரேம் பலகையோடு ஒட்டியே வரும், மாற்ற முடியாது. ஆகவே மூடியைத் திறந்து பார்த்த பிறகே காசைக் கொடுங்கள். கழற்றும்போது சார்ஜரையும் பற்றரியையும் எடுத்துவிட வேண்டும்.

4. இயங்குதளத்தைப் பெயருக்காகத் தெரிவு செய்யாதீர்கள். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. திருட்டுப் பிரதி விண்டோஸ் 10ஐப் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் போக வேண்டாம். 2 ஜிபி ரேமில் அது மூச்சு வாங்கும். லினக்ஸ் என்றாலே எல்லாம் லேசு என்றும் நினைக்காதீர்கள். உபுண்டு 32-பிட் மெஷின்களை எப்போதோ கைவிட்டுவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13க்கும் 32-பிட் நிறுவி கிடையாது. என்270 வைத்திருப்பவர்கள் டெபியன் 12ஐயோ, அதன்மேல் கட்டிய அன்டிஎக்ஸ் 23ஐயோ எடுங்கள். டெபியன் 12க்கு 2028 ஜூன் வரை நீண்டகாலப் பராமரிப்பு உண்டு. ரேம் 512 எம்பிதான் என்றால் அன்டிஎக்ஸ் அல்லது பப்பி லினக்ஸ். நம் நாட்டிலேயே ஹந்தானை மலையின் பெயரில் ஹந்தான லினக்ஸ் என்று ஒன்றைச் செய்தார்கள்; அது நமக்குப் பெருமை. ஆனாலும் அதன் பழைய சீடி கையில் கிடைத்தால் நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், நிறுவ வேண்டாம். திருத்தம் வராத எதையும் இணையத்தில் இணைக்கக் கூடாது.

5. நிறுவுமுன் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். தரவிறக்க வேண்டிய கோப்பு ஒரு ஜிபியைத் தாண்டலாம். மலையில் சிக்னல் தேடிக்கொண்டு டேட்டாவைக் கரைக்காமல் டவுனில் நல்ல இணைப்புள்ள இடத்தில் ஒரே தடவையில் இறக்குங்கள். பென் டிரைவிலிருந்து ஓடும்போது வைஃபை, ஒலி, கீபோர்ட், திரை வெளிச்சம் நான்கையும் சோதியுங்கள். பிராட்காம் வைஃபை சிப் உள்ளவை முரண்டு பிடிக்கும். அப்போது போனை யூஎஸ்பி வயரில் இணைத்து அதன் டேட்டாவால் தேவையான டிரைவரை இறக்கலாம்.

6. வேகம் எங்கே போகிறது என்பதைக் கண்ணால் பாருங்கள். நிறுவியதும் ஹெச்டாப் என்ற சிறு நிரலைத் திறந்து வையுங்கள். ஒன்றும் ஓடாதபோது அன்டிஎக்ஸில் நினைவகக் கோடு 200 எம்பி அளவில் நிற்கும். பிரவுசரைத் திறந்து ஒரு செய்தித்தளத்துக்குப் போங்கள். கோடு சரசரவென்று ஏறும். இன்னும் நான்கு டேப் திறந்தால் ரேம் நிரம்பி, அதன் கீழே உள்ள ஸ்வாப் கோடு அசையத் தொடங்கும். அதே நொடியில் மெஷினின் வட்டு விளக்கு விடாமல் மினுங்கும், மவுஸ் ஒட்டிக்கொள்ளும். ரேமில் இடமில்லாததை வட்டில் எழுதி எழுதி எடுக்கிறது. ரேமோடு ஒப்பிட்டால் வட்டு மிக மெதுவானது. நாம் ‘ஸ்லோ’ என்று திட்டுவது இந்தப் போக்குவரத்தைத்தான். இதற்கு இசட்ரேம் என்ற வசதியை இயக்குங்கள். நிரம்பியதைச் சுருக்கி ரேமுக்குள்ளேயே வைப்பதால் வட்டுக்குப் போகும் தடவை குறையும்.

7. பிரவுசரை அடக்கத் தெரிந்தவருக்கே பழைய மெஷின் அடங்கும். ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு டேப் போதும். விளம்பரத் தடுப்பானைக் கட்டாயம் போடுங்கள். வீடியோவைப் பிரவுசருக்குள் பார்க்காமல் 360பி அளவில் எம்பிவி போன்ற தனிப் பிளேயரில் ஓட்டுங்கள். என்270இன் கிராபிக்ஸ் சிப்புக்கு இன்றைய வீடியோவை விரிக்கும் திறன் கிடையாது. முழுப் பாரமும் புரொசசரின் தலையில் விழும். கட்டுரை எழுத அபிவேர்ட், கணக்குக்கு நியூமெரிக் போதும்.

8. தமிழை முதல் நாளே சரி செய்துவிடுங்கள். நோட்டோ அல்லது லோஹித் தமிழ் எழுத்துருவையும், தட்டச்சுக்கு ஐபஸ்ஸையும் நிறுவினால் தமிழ்99 முறையிலோ ஒலிபெயர்ப்பு முறையிலோ எழுதலாம். சிங்கள எழுத்துருவும் சேர்த்துப் போடுங்கள். விண்ணப்பம் எழுத உதவும். பாமினியில் தட்டிய பழைய ஆவணங்களை யுனிகோடுக்கு மாற்றி வையுங்கள். பாமினி இல்லாத மெஷினில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும்.

9. நம் காலநிலையை மறக்காதீர்கள். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பனியும் ஈரமும் பலகைக்குள் போய்ப் பூஞ்சணம் கட்டும். குளிரிலிருந்து சூடான இடத்துக்குக் கொண்டுபோனவுடன் ஆன் பண்ணாமல் சற்று நேரம் அப்படியே விடுங்கள். புகை படியும் குசினியில் வேண்டாம், சாரல் அடிக்கும் இஸ்தோப்பிலும் வேண்டாம். உள் காம்பராதான் அதற்கு இடம். இடி முழங்கும் பின்னேரங்களில் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். பற்றரி செத்த மெஷினில் மழை நாளில் இயங்குதளம் நிறுவ உட்காராதீர்கள். பாதியில் கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

10. அது எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று வீட்டில் தெளிவாகச் சொல்லுங்கள். சூம் வகுப்புக்கு அது திணறும். அதற்குப் போனைப் பாவியுங்கள். நிரலாக்கம் பழக, தட்டச்சுப் பழக, சுயவிவரக் கோவை எழுத, கடந்தகால வினாத்தாள்களைப் பார்க்க, ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தில் இறக்கிய புத்தகங்களைப் படிக்க அது தாராளமாகப் போதும். உயர்தரத் தகவல் தொழினுட்பப் பாடத்தின் பைதன் பயிற்சிகளை ஆட்டம் புரொசசரிலேயே செய்து முடிக்கலாம். போன் திரையில் நிரல் எழுதிப் பழகும் பிள்ளைக்கு ஒரு முழுக் கீபோர்ட் கிடைப்பது பெரிய வரம்.

11. கற்றதை அடுத்த லயத்துக்குக் கொண்டுபோங்கள். டெபியன், அன்டிஎக்ஸ் போன்றவற்றைப் பிரதி எடுத்துக் கொடுக்க அவற்றின் உரிமமே அனுமதிக்கிறது. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஒருவர் டவுனில் இறக்கி வந்த பென் டிரைவ் ஒரு டிவிஷனுக்கே போதும். எந்த மாடலில் எந்தப் பதிப்பு ஓடியது, எந்த வைஃபை முரண்டு பிடித்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று ஒரே கொப்பியில் எல்லோரும் எழுதி வையுங்கள். அடுத்து வரும் பிள்ளை நீங்கள் நின்ற இடத்திலிருந்து தொடங்கட்டும்.

இந்த வாரமே அலுமாரிக்கு மேலே கிடப்பதை இறக்கித் துடைத்து, எஃப்2ஐ அழுத்திப் பாருங்கள். புரொசசர் பெயரை எழுதியதும் பாதி வேலை முடிந்தது. மீதியைப் பொறுமையாகச் செய்யுங்கள், தெரியாததைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.