சரமும் எழுத்தும்

கோயம்புத்தூருக்கு வடக்கே, நீலமலையின் அடிவாரத்தில், பவானி ஆற்றங்கரையில் அமைந்திருப்பது மேட்டுப்பாளையம். பாக்குத் தோப்புகளும் வாழைத் தோட்டங்களும் சூழ்ந்த ஊர் அது. மலையில் விளையும் உருளைக்கிழங்கு வந்து குவியும் மண்டிகளும் அங்கு உண்டு. அவ்வூரிலிருந்து மலைமேல் ஏறும் இருப்புப்பாதை 1899-ஆம் ஆண்டில் குன்னூர் வரையிலும், 1908-ஆம் ஆண்டில் உதகமண்டலம் வரையிலும் திறக்கப்பெற்றது. 2005-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றது. ஊரின் பெருமையை விரிப்பது இப்பாடத்தின் நோக்கமன்று. அவ்வூரின் பெயர் ஒரு கணினிக்குள் புகும்போது அதற்கு என்ன நேர்கிறது என்பதே இங்குச் சொல்லப்படும் பொருளாகும்.

மேட்டுப்பாளையம் என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் உள்ளன? மே, ட், டு, ப், பா, ளை, ய, ம் என எண்ணி, எட்டு என்று ஐந்தாம் வகுப்புச் சிறுவனும் கூறிவிடுவான். பைத்தான் என்னும் நிரல்மொழியில் அதே வினாவை எழுப்பினால் 15 என்று விடை வரும். சிறுவனும் பிழை செய்யவில்லை. கணினியும் பிழை செய்யவில்லை. இருவரும் எண்ணிய பொருள்கள் வெவ்வேறு.

கணினிக்கு எழுத்து என்பது ஓர் எண். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வகுத்துத் தந்த முறைக்கு யூனிகோடு என்று பெயர். அதன் முதற் பதிப்பு 1991-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அம்முறையில் 'ம' என்பதற்கு 2990 என்னும் எண்ணும், இரட்டைக்கொம்புக்கு 3015 என்னும் எண்ணும், புள்ளிக்கு 3021 என்னும் எண்ணும் உரியவை. ஆகவே 'மே' என்பது கணினிக்கு இரண்டு எண்கள். 'ட்' என்பதும் இரண்டு எண்கள். 'ய' ஒன்றே தனித்து ஓர் எண்ணாய் நிற்கிறது. ஏழு எழுத்துகளுக்கு இவ்விரண்டாகப் பதினான்கும், யகரத்துக்கு ஒன்றும் சேரப் பதினைந்து ஆயிற்று.

இங்கே ஒரு புதுமையைக் காணலாம். தமிழ் இலக்கணத்தில் 'ம்' என்னும் மெய்யே அடிப்படை எழுத்து. அதனோடு அகர உயிர் சேர்ந்தால் 'ம' என்னும் உயிர்மெய் பிறக்கும். யூனிகோடு முறையிலோ 'ம' தனி எழுத்து. அதன்மேல் புள்ளி என்னும் குறியைச் சேர்த்தால்தான் 'ம்' கிடைக்கும். மெய் ஒன்று, உயிர்மெய் கூட்டு என்பது இலக்கண நூலார் கொள்கை. உயிர்மெய் ஒன்று, மெய் கூட்டு என்பது கணினியின் கணக்கு. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக வகுத்த அமைப்பே தமிழுக்கும் வந்தமையால் நேர்ந்த தலைமாற்றம் இது. பின்னாளில் தமிழ் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் தரும் 'டேஸ் 16' என்னும் முறையும் வகுக்கப்பட்டது. 2010-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு யூனிகோட்டோடு அதனையும் ஏற்றுக்கொண்டது. எனினும் இன்று பெரும்பாலும் வழங்குவது யூனிகோடே.

இவ்வாறு எண்களாக வரிசைப்பட்ட எழுத்துக் கோவையைச் 'சரம்' என்று தமிழ்ப் பாடநூல்கள் குறிக்கின்றன. பூத்தொடுப்போர் நாரில் கோக்கும் மலர்ச்சரத்தை நினைவூட்டும் அழகிய பெயர். தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பயில்வோர் பைத்தான் மொழியின் வாயிலாகச் சரங்களைப் பற்றிக் கற்கின்றனர். சரத்தை வேண்டியவாறு மாற்றித் தரும் சிறு சிறு ஏவலாளர் அம்மொழியில் பலர் உளர். சரத்தின் இருபுறமும் ஒட்டியுள்ள வெற்றிடத்தை நீக்கித் தருவது 'ஸ்ட்ரிப்'. ஒரு பகுதியை எடுத்துவிட்டு வேறொன்றை அவ்விடத்தில் வைப்பது 'ரிப்ளேஸ்'. சரத்தைத் துண்டுகளாக்குவது 'ஸ்பிளிட்'. துண்டுகளை மீண்டும் கோப்பது 'ஜாயின்'. ஆங்கிலச் சிறிய எழுத்துகளைப் பெரிய எழுத்துகளாக்கும் 'அப்பர்' என்பதும் உண்டு. தமிழ்ச் சொல்லை அதனிடம் கொடுத்தால் கொடுத்தபடியே திரும்பி வரும். தமிழெழுத்தில் பெரியதும் சிறியதும் இல்லையன்றோ!

இவ்வேவலாளரிடம் உள்ள ஓர் ஒழுங்கை முதலிலேயே அறிந்துகொள்ளல் வேண்டும். இவர்கள் மூலச் சரத்தில் கை வைப்பதில்லை. மாற்றத்தோடு கூடிய புதிய சரம் ஒன்றை ஆக்கித் தருவார்கள். பழையது இருந்தபடியே இருக்கும். ஏட்டைப் பார்த்துப் படியெடுக்கும் ஒருவர், பிழை திருத்தங்களைத் தம் புதிய படியில் மட்டும் எழுதி, மூல ஏட்டை அப்படியே கட்டி வைப்பது போன்றது அது. புதிய படியை வாங்கி ஒரு பெயரிட்டு வைத்துக்கொள்ளாதவர், 'மாற்றச் சொல்லியும் மாறவில்லையே' என்று திகைப்பர். புதிதாய்க் கற்போர் பலர் தடுக்கி விழும் இடம் இதுவே.

இனி ஒரு நிகழ்ச்சியைக் கற்பனை செய்து பார்க்கலாம். கோகிலா என்னும் மாணவியின் பெயர் உதவித்தொகை பெறுவோர் பட்டியலில் இருக்கிறது. அச்சிட்ட தாளில் அவள் தன் பெயரைக் கண்ணாரக் காண்கிறாள். அலுவலர் அப்பெயரைக் கணினியில் இட்டுத் தேடுகிறார். 'இப்பெயர் இல்லை' என்கிறது கணினி. தாளில் இருக்கும் பெயர் கணினியில் எங்கே போயிற்று?

'கோ' என்னும் எழுத்தைக் கணினியில் இருவகையாக ஆக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே எண்ணாகச் சேர்ப்பது ஒருவகை. இரட்டைக்கொம்பை ஓர் எண்ணாகவும் துணைக்காலை மற்றோர் எண்ணாகவும் தனித்தனியே இடுவது மற்றொரு வகை. திரையிலும் தாளிலும் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும் முதல்வகையில் கோகிலா ஆறு எண்கள். இரண்டாம் வகையில் ஏழு எண்கள். பட்டியலில் பெயரை எழுதியவர் இறுதியில் ஒரு வெற்றிடத்தையும் தெரியாமல் தட்டிவிட்டால் எட்டு. எண்களை ஒப்பிட்டுப் பார்க்கும் பொறிக்கு ஆறும் எட்டும் எங்ஙனம் ஒன்றாகும்? ஏழைச் சிறுமியின் படிப்புக்குரிய பணம் கண்ணுக்குத் தெரியாத இரண்டு எண்களில் சிக்கி நிற்கிறது.

இதற்குரிய மருந்து எளியதே. 'ஸ்ட்ரிப்' வெற்றிடத்தை நீக்கும்; எட்டு ஏழாகும். 'நார்மலைஸ்' என்னும் இயல்பாக்கச் செயற்கூறு, பிரிந்து நிற்கும் கொம்பையும் காலையும் ஒரே குறியாக்கும், ஏழு ஆறாகும். பட்டியலில் உள்ள பெயரையும் தேடும் பெயரையும் இவ்விரண்டின் வழியே செலுத்திய பின்னரே ஒப்பிடுதல் வேண்டும். ஒருபுறம் மட்டும் செய்தால் பயனில்லை.

இயல்பாக்கத்தாலும் தீராத பிழை ஒன்று உண்டு. ஔவையார் என்பதில் முதலெழுத்தாகிய ஔகாரத்தை இடுவதற்கு மாறாக, ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இடுவார் பலர். கண்ணுக்கு வேற்றுமை தோன்றுவதில்லை. கணினிக்கோ அவை இரண்டு வேறு எழுத்துகள். அவற்றை ஔகாரமாகக் கொள்ள அதற்கு விதியில்லை. அங்ஙனமாயின், ஒகரமும் ளகரமும் சேர்ந்து வரும் இடமெல்லாம் ஔகாரத்தை வைக்குமாறு 'ரிப்ளேஸ்' என்பதை ஏவினால் என்ன? ஔவையார் திருந்திவிடுவார்; ஆனால் 'ஒளி' கெட்டுவிடும். ஒ, ள, இகரக் குறி என்னும் மூன்றெண்களில் முதலிரண்டையும் ஔகாரமாக மாற்றிவிட்டு, இகரக் குறியைத் துணையற்று நிற்க வைத்துவிடும் அக்கருவி. எழுத்தை எழுத்தாக அறியாது எண்ணை மட்டும் பார்த்து மாற்றுவதன் விளைவு இது.

எண்ணை எண்ணி வெட்டுவதும் இத்தகைய கேட்டையே தரும். ஒரு கட்டத்தில் ஏழு எண்களுக்கே இடம் உண்டென்று வைத்து மேட்டுப்பாளையத்தை வெட்டினால், பகரத்தின் புள்ளி அகப்படாமல் 'மேட்டுப' என்று நிற்கும். பதினான்கில் வெட்டினால் ஊர் முழுதும் வந்து, ஈற்றுப் புள்ளி மட்டும் போய், 'மேட்டுப்பாளையம' என்றாகும். விகடகவி என்னும் சொல் முன்னிருந்து படிப்பினும் பின்னிருந்து படிப்பினும் ஒன்றே என்பதை அனைவரும் அறிவர். எண்வரிசையைத் திருப்பும் நிரலோ அதனை ஒப்புக்கொள்ளாது. வகரத்துக்குப் பின் நின்ற இகரக் குறி, திருப்பியதும் யாவற்றுக்கும் முன்னே வந்து ஒட்டுவதற்கு எழுத்தின்றித் தொங்கும். மாலை மாற்றுப் பாடிய புலவர் கேட்டால் நகைப்பர்!

இக்குறையை நீக்கத் தமிழரே கருவிகள் செய்துள்ளனர். 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியை ஆக்கிய முத்து அண்ணாமலை முதலியோரின் முயற்சியால் 'ஓப்பன் தமிழ்' என்னும் செயற்கூற்றுத் தொகுதி பைத்தானுக்குக் கிடைத்தது. அதில் உள்ள ஒரு செயற்கூறு சரத்தை எண்களாகப் பிரிக்காமல் எழுத்துகளாகவே பிரிக்கும். மேட்டுப்பாளையத்துக்கு எட்டு என்னும் விடை அப்போது வரும். மற்றொன்று 'மே' என்பதை ம், ஏ என மெய்யும் உயிருமாகப் பிரிக்கும். வேறொன்று அவற்றை மீண்டும் புணர்க்கும். இலக்கண ஆசிரியர் கரும்பலகையில் செய்து காட்டும் வேலையைத்தான் அவை செய்கின்றன.

உண்மையில் சொற்களை விதிப்படி மாற்றும் முறை தமிழருக்குப் புதிதன்று. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், சொற்கள் புணருங்கால் நேரும் மாற்றங்களைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுக்கிறது. அவரைக் கொங்கு நாட்டோடு தொடர்புபடுத்திக் கூறுவோரும் உளர். ஓரெழுத்தைச் சேர்த்தல், ஒன்றை மற்றொன்றாக்குதல், ஒன்றை நீக்குதல் என்னும் இம்மூன்றையும் விடச் சரத்தின்மேல் செய்யத்தக்கது வேறு யாது? மேடு, பாளையம் என்னும் இரு சொற்களை எடுத்துக்கொள்க. மேடு நெடில்தொடர்க் குற்றியலுகரமாதலின் டகர ஒற்று இரட்டி 'மேட்டு' என்றாகும். பின்னர் வல்லெழுத்து மிகுந்து மேட்டுப்பாளையம் என்றாகும். நாட்டுப்புறம், காட்டுப்பாதை, வீட்டுப்பாடம் ஆகியவையும் அவ்வழிப்பட்டனவே. இவ்விதியை நிரலாக எழுதுவது கடினமன்று. ஆனால் 'வீடுபேறு' என்பது அவ்விதிக்கு அடங்காமல் நிற்கும். வீட்டுப்பேறு என்று அங்கு எவரும் எழுதுவதில்லை. பொருளறியாத நிரல் இல்லத்தையும் முத்தியையும் எவ்வாறு பிரித்தறியும்? விதிவிலக்குப் பட்டியல் ஒன்றை நிரலுக்குத் தரவேண்டும். அப்பட்டியலைத் தொகுக்கத் தமிழறிந்தவர் வேண்டும்.

விகுதி நீக்கத்திலும் ஒரு வேடிக்கை நிகழ்வதுண்டு. 'ஆர் ஸ்ட்ரிப்' என்னும் ஏவலாளிடம் 'கள்' என்பதைக் காட்டி, 'நாள்கள்' என்பதன் ஈற்றில் அதனை நீக்கச் சொன்னால் எஞ்சுவது 'நா'! கள் என்பதை அது ஒரு விகுதியாகக் கொள்வதில்லை. க, ள, புள்ளி என்னும் மூன்றில் எது ஈற்றில் நின்றாலும், நிற்கும்வரை உதிர்த்துக்கொண்டே செல்லும். நாளின் ளகரமும் அவ்வாறு உதிர்ந்து, பகற்பொழுது நாக்காய் மாறியது. 'மக்கள்' அதனிடம் அகப்பட்டால் மகரம் ஒன்றே மிஞ்சும். பிறமொழிச் சொற்களிலும் இத்தொல்லை இருந்தமையால், 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த பைத்தான் 3.9 பதிப்பில் விகுதியை முழுமையாக ஒருமுறை மட்டும் நீக்கும் வேறொரு செயற்கூறு சேர்க்கப்பட்டது. அதனால் நாள்கள் நாளாகும். ஆயினும் 'கற்கள்' அதனிடம் 'கற்' என்றே நிற்கும்; றகரத்தை லகரமாகத் திரிக்கும் வேலை இலக்கணம் அறிந்த நிரலுக்கே உரியது.

அகரவரிசையிலும் எண்ணுக்கும் எழுத்துக்கும் பிணக்கு உண்டு. அருவங்காடு, அவிநாசி, அன்னூர் ஆகிய மூன்றும் கொங்கு நாட்டாரும் நீலமலையாரும் அறிந்த ஊர்கள். தமிழ் நெடுங்கணக்கில் னகரம் இறுதியில் நிற்பதால், அகராதி முறைப்படி அன்னூர் கடைசியில் வரும். யூனிகோட்டில் னகரத்தின் எண் 2985. ரகரத்தின் எண் 2992. வகரத்தின் எண் 2997. எனவே எண்ணை மட்டும் நோக்கி வரிசைப்படுத்தும் செயற்கூறு அன்னூரை முதலில் நிறுத்திவிடும். தமிழ் வரிசையை அறிந்த ஒப்பீட்டுச் செயற்கூற்றை அதனோடு சேர்த்துக் கொடுத்தால், அருவங்காடு முதலாகவும், அவிநாசி நடுவாகவும், அன்னூர் ஈறாகவும் ஊர்கள் தத்தம் இடத்துக்குத் திரும்பும்.