மரபணு பார்த்துச் சாப்பிடலாமா?

தரங்கம்பாடி

அன்புள்ள கயலுக்கு,

உமிழ்நீரைக் குப்பியில் அனுப்பினால் மரபணுவுக்கேற்ற உணவுப் பட்டியல் தருவார்களாம், பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தாய். கொஞ்சம் பொறு.

மரபணுவுக்கும் சாப்பாட்டுக்கும் தொடர்பு இருப்பது உண்மைதான். 1620 முதல் 1845 வரை நம் ஊர்க் கோட்டையை வைத்திருந்த டேனிஷ்காரர்களை எடுத்துக்கொள். பாலின் லாக்டோஸைச் செரிக்கும் நொதி, வளர்ந்த பிறகு உலகில் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடும். டென்மார்க் மக்களில் பெரும்பாலோருக்கு டி.என்.ஏ.வில் ஓர் எழுத்து மாறியிருப்பதால் அந்த நொதி கடைசிவரை சுரக்கிறது. அந்த மாற்றம் வடமேற்கு இந்தியாவில் உண்டு. தெற்கே வர வரக் குறைகிறது. உன் அப்பாவுக்குப் பால் குடித்தால் வயிறு உப்புவதும் தயிர் ஒத்துக்கொள்வதும் இதனால் இருக்கலாம். பால் தயிராகும்போது நுண்ணுயிர்கள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தீர்த்துவிடுகின்றன. இதற்கெல்லாம் குப்பி தேவையில்லை, வயிறே சொல்லிவிடும்.

ஃபீனைல்கீட்டோனூரியா என்ற அரிய நோயில் ஒரே மரபணுவின் கோளாறு உணவைத் தீர்மானிக்கிறது. பச்சிளங்குழந்தையின் குதிகால் ரத்தத்தில் கண்டுபிடித்து, ஃபீனைல்அலனின் குறைந்த உணவு கொடுத்தால் மூளையைக் காப்பாற்றிவிடலாம். மரபணு அறிவு இங்கே ஓர் உயிரின் வாழ்வையே மாற்றுகிறது.

சர்க்கரை நோயும் உடற்பருமனும் அப்படியல்ல. எத்தனையோ மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்ந்து செய்யும் வேலை அது. சர்க்கரை நோய் மருத்துவர் வி. மோகன் குழுவினர் சென்னையில் 2001-இல் தொடங்கிய ஆய்வில் சேர்ந்தவர்களின் மரபணுக்களைப் பார்த்து எழுதிய ஒரு கட்டுரை 2016-இல் வந்தது. மாவுச்சத்து மிக அதிகமாகச் சாப்பிடுவோரில், எஃப்.டி.ஓ. மரபணுவின் ஒரு வடிவம் உள்ளவர்களுக்குப் பருமனாகும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்காம். படித்ததும் காலை இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என்று போகும் நம் வீடுதான் நினைவுக்கு வந்தது.

ஆனால் அது ஒரு கூட்டத்தைப் பார்த்துச் சொன்ன கணக்கு. தனி ஆளுக்கு உணவு வகுக்க அது போதாது. 2018-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 609 பேருக்குக் கொழுப்பையோ மாவுச்சத்தையோ ஓராண்டு குறைத்துப் பார்த்தார்கள். மரபணு பொருந்தியதா இல்லையா என்பது எடை குறைவதில் வேறுபாடே காட்டவில்லை. போதாக்குறைக்கு, இத்தகைய மரபணு ஆய்வுகளில் பெரும்பான்மை ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்து நடந்தவை. ஆராய்ச்சி வளரட்டும், எனக்கு அதில் பெரிய நம்பிக்கை உண்டு. பட்டியல் விற்பவர்கள்தான் அதை முந்திக்கொண்டு ஓடுகிறார்கள்.

உன் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் சர்க்கரை இருக்கிறது. இப்போதைக்கு உனக்கு இதைவிடத் தெளிவான மரபணுச் செய்தி வேறில்லை. சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, கீரையும் சுண்டலும் மத்தி மீனும் கூட்டிக்கொள். மாலையில் நட. அடுத்த வாரமே வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்து, அளவை எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அத்தை